நுரை தள்ளிய கோபுரம்

எங்கள் அனல்மின் நிலையத்தில் பாட்டிலம்மா என்றால் வாசல் காவலாளி முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் தெரியும். வெளியாள் யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் முகம் ஒரு மாதிரி போகும். அவர்கள் நினைக்கிற பாட்டில் வேறு. இது ஆய்வகத்தில் மாதிரி பிடித்து வைக்கிற கண்ணாடிப் பாட்டில். அதை அவள் பன்னிரண்டு வருடம் கழுவினாள், அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக அதில் இருப்பதைச் சோதிக்கிறாள். அவள் என் மனைவி. நான் அதே நிலையத்தில் நிலக்கரி யார்டில், கரியை ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு ஃபோர்மேன். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். எங்கள் யூனிட்டை இழுத்து மூட வைக்கப் பார்த்தவன் நான், மூட விடாமல் நிறுத்தியவள் அவள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்துப் படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க அவள் வீட்டில் மனசு இல்லை, கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணமான மறுவருடம் எங்கள் ஆய்வகத்தில் பாட்டில் கழுவ ஆள் எடுத்தார்கள். நான் முகத்தைச் சுளித்தேன்.

"பாத்திரம் தேய்க்கவா வேலைக்குப் போற? அதை வீட்டுலயே தேய்க்கலாமே."

"வீட்டுல தேய்ச்சா அதுல சோறுதான் வெக்கலாம். அங்க தேய்ச்சா அதுல என்னத்த வெக்கறாங்கன்னு பாக்கலாம்ல," என்றாள்.

போனாள், பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. ஒரு பாட்டிலை ஒரு தடவை சோப்பில் கழுவி, ஏழு தடவை குழாய்த் தண்ணீரில் அலசி, மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுவாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள். உள்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக இறங்க வேண்டும். எங்காவது முத்து முத்தாக நின்றால் பாட்டிலில் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாள் கொதிகலன் தண்ணீரின் சோதனை முடிவு தாறுமாறாக வந்தது. கெமிஸ்ட், பாட்டில் சரியாகக் கழுவவில்லை என்று அவள் மேல் பாய்ந்தார். அதே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினாள். படலம் கிழியாமல் இறங்கியது. கோளாறு கொதிகலனில்தான் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கெமிஸ்ட் சோதனை செய்யும்போது அவளையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்று நின்றே கற்றுக்கொண்டாள். துறைத் தேர்வு எழுதினாள். இரண்டு தடவை கோட்டை விட்டாள், மூன்றாவது தடவை தேறினாள். ஆய்வக உதவியாளர் ஆனாள்.

பெயர்தான் உதவியாளர். சோதனையை அவள் செய்வாள், கையெழுத்து கெமிஸ்ட் போடுவார். அதில் எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு. அவளுக்கு இல்லை. "நம்பர் சரியா இருந்தாப் போதும், கீழ யார் கிறுக்கினா என்ன?" என்பாள்.

இப்போது புகை கதைக்கு வருகிறேன். எங்கள் மூன்றாவது யூனிட் பழையது. புகையை அப்படியே ஆகாயத்தில் விடுகிற யூனிட்களை இனி ஓட்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஒன்று மூட வேண்டும், இல்லையென்றால் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தெடுக்க வேண்டும். பிடிப்பது என்று எங்கள் நிலையம் முடிவு செய்தது. பிடித்து என்ன செய்வது? எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய எண்ணெய் வயல் இருக்கிறது. முப்பது வருடம் உறிஞ்சியாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்துவிடவில்லை, பாறைத் துளைகளில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. இந்த வாயுவை நல்ல அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால், அது எண்ணெயோடு கலந்து அதை இளக்கி அடுத்த கிணற்றுப் பக்கம் தள்ளும். எண்ணெயோடு திரும்பி வருகிற வாயுவைப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள். கடைசியில் பெரும்பகுதி பூமிக்கு அடியிலேயே தங்கிவிடும்.

எங்கள் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் அம்மாவை மடக்கினாள். "புகையைப் பிடிச்சு எண்ணெய் எடுக்கறீங்க. அந்த எண்ணெயை எரிச்சாத் திரும்பப் புகைதானேம்மா?"

நான் திருதிருவென்று முழித்தேன். என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, புகைதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க கோபுரத்துல பிடிக்கறது மேல போகாம கீழ போகுதுல்ல, அந்த அளவுக்கு நான் பொறுப்பு. மிச்சத்தைப் பிடிக்க நீ படிச்சிட்டு வா," என்றாள். மகள் இப்போது வேதிப் பொறியியல் படிக்கிறாள். காரணம் அந்தப் பேச்சுதான் என்று நான் சொன்னால் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிடிக்கிற வேலையைச் செய்வது அமீன் என்ற திரவம். பதினைந்து மாடி உயரக் கோபுரத்தில் மேலிருந்து அமீன் வழிந்து இறங்கும், கீழிருந்து புகை ஏறும். வழியில் சந்திக்கும்போது அந்த ஒரு வாயுவை மட்டும் அமீன் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் நீராவியால் சூடேற்றினால் பிடியை விட்டுவிடும். விட்ட வாயுவை அமுக்கிக் குழாயில் அனுப்ப வேண்டியதுதான். வாயுவை விட்ட அமீன் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். ஒரே திரவம் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வேலை செய்யும். அதன் ஜாதகம் முழுவதும் என் மனைவி கையில். தினமும் மூன்று வேளை மாதிரி எடுத்துப் பார்ப்பாள்.

இந்தப் புதுக் கோபுரங்களை ஒப்படைக்கும் முன் முப்பது நாள் சோதனை ஓட்டம் வைத்தார்கள். அந்த முப்பது நாளில் எண்ணெய் வயலுக்குப் போகும் குழாய் மொத்தமாக அறுபது மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எண்ணெய் வயல்காரர்கள் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். வாயுவை வாங்க ஆள் இல்லையென்றால் யூனிட் ஓட அனுமதி இல்லை. யூனிட் இல்லையென்றால் நிலக்கரி யார்டு எதற்கு? நானூறு பேர் நடையைக் கட்ட வேண்டியதுதான். இது சுவரில் ஒட்டாத குறையாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்டுப்பாட்டு அறைக் கதவில் ஒரு கரும்பலகை மாட்டி, எத்தனை மணி நேரம் நின்றது என்று தினமும் எழுதினார்கள். பதினெட்டாம் நாள் அதில் பதினொன்று என்று இருந்தது. நல்ல நம்பர். நாங்கள் டீ குடித்துவிட்டுச் சிரித்துப் பேசுகிற அளவுக்கு நல்ல நம்பர்.

பத்தொன்பதாம் நாள் எண்ணெய் வயலின் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கோபுரத்தைச் சுற்றியுள்ள தரையைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். அங்கே ஆட்கள் குறைவு. தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, யார்டு ஆட்கள் பன்னிரண்டு பேரை வைத்துக் கழுவித் தரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரிக்காரனை யாரும் சுத்தத்துக்குக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு பேரும் துடைப்பமும் தூரிகையுமாக இறங்கினோம். எங்கள் யார்டில் கிரீஸும் கரித்தூளும் சேர்ந்து பிசினாகிவிடும். அதை எடுக்க நீலக் கேனில் ஒரு சோப்பு வரும், ஒரு மூடி போட்டால் ஒரு வாளி நுரைக்கும். அதைத் தாராளமாக ஊற்றினேன். தேய்த்துத் தேய்த்து, தரையில் முகம் பார்க்கலாம் போல ஆக்கினோம்.

எங்கள் யார்டில் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் போய் வெளியே ஒரு குட்டையில் விழும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அந்தப் புதுக் கோபுரப் பகுதியில் அப்படி இல்லை. அமீன் அருமையான சரக்கு, ஒரு சொட்டுச் சிந்தினாலும் வீணாகக் கூடாது என்று தரையின் எல்லா வடிகாலும் நிலத்தடித் தொட்டி ஒன்றில் போய்ச் சேரும். தொட்டி நிறைந்தால் விளக்கு எரியும், பொத்தானை அமுக்கினால் பம்ப் அதை மறுபடி கோபுரத்துச் சுற்றுக்கே ஏற்றிவிடும். தரையில் தண்ணீர் விடாதீர்கள் என்று தூணில் பலகை இருந்தது. அதன் மேல்தான் வரவேற்பு பேனரைக் கட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று தெரியாமலே, உதவியாக இருக்கட்டுமே என்று பொத்தானை அமுக்கியவன் நான்தான். இரண்டு தடவை அமுக்கினேன்.

மறுநாள் பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தரையைப் பார்த்து ஒருவர் பாராட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினோரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு முள் ஏறத் தொடங்கியது. கோபுரத்தின் அடிக்கும் உச்சிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டுகிற முள் அது. அமீன் உள்ளே நுரைத்துக்கொண்டு புகையை ஏற விடாமல் அடைத்துவிட்டது. சிறிது நேரத்தில் உச்சியிலிருந்து வெள்ளை நுரை கட்டி கட்டியாகப் பறந்து வந்து விருந்தாளிகளின் கார் மேல் விழுந்தது. குழாயை நிறுத்தினார்கள். விருந்தாளிகள் எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அமீன் விற்ற நிறுவனத்தின் நிபுணர் சோதனை ஓட்டத்துக்காக எங்களோடு தங்கியிருந்தார். கெட்டிக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். நுரையடக்கி என்று ஒரு மருந்தை ஊற்றினார். நுரை அரை மணி நேரம் அடங்கியது, மறுபடி பொங்கியது. மறுபடி ஊற்றினார். யாராவது எதையாவது உள்ளே கொட்டினீர்களா என்று எல்லாப் பிரிவிலும் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. நான் கழுவியது தரையை, அவர்கள் கேட்டது கோபுரத்தை. என் மண்டையில் இரண்டும் ஒட்டவே இல்லை.

என் மனைவி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு குளியலறையில் இருக்கும் நீலக் கேனையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். என் சட்டைக் காலரில் ஏறிய கரி போவதற்காக யார்டு சோப்பில் கொஞ்சம் நான் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதற்கு இன்றுவரை என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு யார்டில் பெல்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கம்பிக் கூடையில் இரண்டு கண்ணாடி உருளைகளோடு அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது. நிலக்கரி யார்டுக்குள் அவள் காலெடுத்து வைத்ததே அதுதான் முதல் தடவை.

"என்னங்க, முந்தாநேத்து தரை கழுவினீங்களே, எதைப் போட்டுக் கழுவினீங்க?"

"தண்ணி."

"தண்ணி மட்டுமா?"

"கொஞ்சம் சோப்பு."

"நம்ம வீட்டு நீலக் கேன் சோப்பா?"

அவள் கூடையைத் தரையில் வைத்து, இரண்டு உருளைகளிலும் ரப்பர்ப் பந்தை அமுக்கிக் காற்றை ஊதினாள். இரண்டிலும் வெள்ளையாக நுரை எழும்பி விளிம்பு வரை வந்து நின்றது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடிப் பொடிக் குமிழிகள், கண்ணாடிச் சுவரை விடாமல் ஒட்டிக்கொண்டு.

"இடது பக்கம் கோபுரத்து அமீன். வலது பக்கம் புது அமீன்ல ஒரு சொட்டு உங்க சோப்பு. நல்ல அமீனா இருந்தா பத்து செகண்டுக்குள்ள நுரை அடங்கணும். இது எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க."

பார்த்தோம். பெல்ட் தலைக்கு மேல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். என் ஆட்கள் பன்னிரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அந்த இரண்டு உருளைகளைச் சுற்றி நின்றார்கள். நான்கு நிமிடம் தாண்டித்தான் இரண்டிலும் நுரை இறங்கியது, ஒன்றுக்கொன்று பத்து விநாடி வித்தியாசத்தில்.

பம்ப் எண்ணெய், கிரீஸ், பெயின்ட் கழுவுகிற திரவம் என்று பதினாறு சரக்கை அதற்கு முன் சோதித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் முதல் மாதிரியைக் குலுக்கிய உடனேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அலசாத பாட்டிலில் சோப்பு எப்படி நிற்கும் என்று பன்னிரண்டு வருடம் பார்த்தவள் ஆயிற்றே.

"எத்தனை கேன் ஊத்தினீங்க?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினேன். "இந்தா, பேரைப் போடாம சொல்ல முடியாதா?"

"எப்படிச் சொல்றது? சோப்பு தானா நடந்து வந்து தொட்டில விழுந்துதுன்னா?"

"எனக்கென்ன, ஒரு மெமோ கொடுப்பாங்க. உன்னைத்தான் பேசுவாங்க. பாட்டிலம்மா புருஷன் பண்ண வேலைன்னு."

"பாட்டிலம்மா புருஷன்தானே பண்ணீங்க," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒன்பது மணிக்கு என்னையும் கூட்டத்துக்கு வரச் சொன்னாள்.

கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்து அறையில் கூட்டம். கரும்பலகையில் முப்பத்து மூன்று என்று எழுதியிருந்தது. மிச்சம் இருபத்தேழு மணி நேரம். நிபுணர் தன் முடிவைச் சொன்னார். அமீன் கெட்டுவிட்டது, முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது ஏற்ற வேண்டும், புதிது வந்து சேர மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைமைப் பொறியாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். "சார், கெட்டுப்போன அமீன் நிறம் மாறும், வாடை மாறும். இதுல ரெண்டும் மாறல. நுரை மட்டும்தான் புதுசு. இது சோப்பு."

"அம்மா, நான் பதினேழு ப்ளான்ட் பாத்துட்டேன்," என்றார் நிபுணர்.

"தெரியும் சார். அந்தப் பதினேழுல எங்கயாவது தரையை சோப்புப் போட்டுக் கழுவினாங்களா?"

அவள் உருளைகளை மேஜை மேல் வைத்து ஊதிக் காட்டினாள். மூன்றாவதாக ஒன்றையும் ஊதினாள். அது நுரையடக்கியை அளவுக்கு மேல் கலந்த அமீன், அதுவும் நுரைத்தது. "இன்னும் ஊத்தினா மருந்தே நோயாயிடும் சார். அதை நிறுத்திடலாம். அமீனைக் கோபுரத்துக்கு ஏத்தாம, கரி வடிகட்டி வழியா மட்டும் சுத்த விடலாம். சோப்பைக் கரி இழுத்துக்கும். வடிகட்டில இருக்கிற பழைய கரியை எடுத்துட்டுப் புதுசு போடணும், அதுவும் நிறைஞ்சதும் திரும்ப மாத்தணும்."

கெமிஸ்ட் தொண்டையைச் செருமினார். "அவங்க சொன்னா சரியா இருக்கும் சார்," என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்த மனுஷனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"சோப்பு எப்படி உள்ள போச்சு?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"தரை கழுவின தண்ணி தொட்டிக்குப் போய், பம்ப்ல மேல ஏறிடுச்சு சார். கழுவினது யார்டு ஆளுங்க. கழுவ வெச்சது என் வீட்டுக்காரர். எவ்வளவு ஊத்தினாருன்னு அவரே சொல்வார்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். அவள் முன்னால் இருந்த தாளில் கணக்குப் போட்டு, கீழே நாற்பது மூட்டை என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள். இரண்டு கேனுக்கு நாற்பது மூட்டை வடிகட்டிக் கரி. நான் சொன்ன இரண்டை அவள் அப்படியே நம்பியிருந்தாள். இருபத்தோரு வருடம் பாட்டிலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவள், என் வாயிலிருந்து வந்ததைச் சோதிக்காமல் தாளில் ஏற்றியிருந்தாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நாலு சார்," என்றேன்.

"நாலு கேனா?"

"ஒவ்வொண்ணும் இருபது லிட்டர். மூணு முழுசா ஊத்தினேன். நாலாவதுல கொஞ்சம் மிச்சம் வெச்சேன்."

மிச்சம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்ல வேளை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினாள். "ஸ்டோர்ல தொண்ணூறு மூட்டை இருக்கு. போதும் சார்," என்றாள். குரல் ஒரு இம்மி கூட மாறவில்லை.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"இருபது மணி நேரம்."

தலைமைப் பொறியாளர் நிபுணரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கரும்பலகை இருந்த பக்கம் பார்த்தார். "எடுத்துக்கங்க," என்றார்.

எண்பது மூட்டையையும் சுமந்தது என் ஆட்கள். வடிகட்டி மூன்றாவது தளத்தில் இருந்தது, லிஃப்ட் பழுது. கரி விஷயத்தில் எங்களுக்கு யாரும் வேலை சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசையாகப் படியில் நின்று கைமாற்றி ஏற்றினோம். ஒருவனும் முணுமுணுக்கவில்லை, அது எனக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் மணிக்கு ஒரு தடவை மாதிரி எடுத்தாள், உருளையில் ஊதினாள், விநாடியை எண்ணிச் சத்தமாகச் சொன்னாள். மதியம் இருநூற்று முப்பது. சாயங்காலம் நூற்றுப் பத்து. அங்கே அது இறங்காமல் அப்படியே நின்றது, முதல் நாற்பது மூட்டையும் நிறைந்துவிட்டது. அதை வாரிக் கொட்டிவிட்டு அடுத்த நாற்பதைப் போட்டோம். மறுநாள் விடிந்து நான் டீயோடு ஆய்வகத்துக்குப் போனபோது அவள் "எட்டு" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நிபுணர் உருளையைத் தானே வாங்கி இன்னொரு தடவை ஊதினார். "ஏழு," என்றார்.

குழாய் மறுபடி ஓடியது. கரும்பலகையில் ஐம்பத்து நான்கு. அதற்குப் பிறகு ஒன்பது நாள் யாரும் அந்த யூனிட்டில் சத்தமாகத் தும்மக் கூட இல்லை. முப்பதாம் நாள் முடிந்தபோது ஐம்பத்தேழில் நின்றது. எண்ணெய் வயலிலிருந்து போன் வந்தது, ஒப்பந்தம் உறுதி. ஐந்து மாதம் கழித்து, அவர்கள் கைவிட்டிருந்த கிணறு ஒன்றில் எண்ணெய் திரும்ப வந்துவிட்டது என்று இன்னொரு போன் வந்தது. யார்டில் என் ஆட்கள் பன்னிரண்டு பேரும் தாங்களே தோண்டியது போலத் திரிந்தார்கள். தொட்டிப் பம்பின் பொத்தானுக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறார்கள், சாவி ஆய்வகத்தில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரைப் பாட்டிலம்மா ஊதிப் பார்க்காமல் பூட்டைத் திறக்க முடியாது.

கோபுரத் திறப்பு விழாவில் கல்வெட்டு வைத்தார்கள். அதில் பதினோரு பேர் பெயர். நிபுணருடைய நிறுவனம் நல்ல காகிதத்தில் ஒரு அறிக்கை போட்டது, நுரைச் சிக்கல் தீர்க்கப்பட்ட விதம் என்று அதில் ஆறு பக்கம். சோதனைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் வழக்கம்போலக் கெமிஸ்டின் கையெழுத்து. நான் கல்வெட்டை இரண்டு தடவை படித்தேன், அறிக்கையை மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். என் மனைவி பெயர் எங்கேயும் இல்லை. நான் குதித்தேன். அவள், "சத்தம் போடாதீங்க, யூனிட் ஓடுதுல்ல," என்றாள்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. மூன்று நாள் பணி இடைநீக்கம். நியாயமான தண்டனை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெல்ட் பக்கத்தில் நின்று பிரித்துப் படித்தேன். 'ஆய்வக உதவியாளர்' என்று தொடங்கி, அதற்குப் பின்னால் அவளுடைய முழுப் பெயர், அவள் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. 'அவர்கள் தாமே நடத்தி, யூனிட்டின் இழப்பைத் தவிர்த்த நுரைச் சோதனையில் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறிந்தபடி, தாங்கள் கவனக்குறைவாக...' என்று போனது. அதற்கு மேல் இருந்ததெல்லாம் என்னைப் பற்றி, அதை நான் சரியாகப் படிக்கவில்லை. கீழே தலைமைப் பொறியாளரின் கையெழுத்தும் நிலையத்தின் முத்திரையும் இருந்தன.

இடைநீக்கத்தின் முதல் நாளே கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். முன்னறையில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஆணி அடித்தேன். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். கிட்டே போய் முழுவதும் படித்தாள்.

"என்னங்க இது? வர்றவங்க போறவங்க எல்லாம் படிச்சா உங்களுக்குத்தானே அசிங்கம்?"

"படிக்கட்டும்," என்றேன். "நீ பண்ணதுக்கு உன் பேரைப் போட்ட கவர்மென்ட் பேப்பர் இது ஒண்ணுதான்."

சட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதை நேராக்கினாள். பிறகு அங்கேயே நின்று இன்னொரு தடவை படித்தாள்.